சீர்த்தட்டில் வந்த சார்ஜர்

தப்பா எடுத்துக்காதீங்க அண்ணாச்சி. நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துருச்சு. ஒட்டுக் கேக்கல. ஒரே சீட்டுல உக்காந்துக்கிட்டு காதைக் கழத்திப் பையிலயா வைக்க முடியும்? மதுரையில இறங்குனதும் நாலு ஓட்டை வச்ச சார்ஜர் ஒண்ணு வாங்கிட்டு வாரேன்னு வீட்டுல சொன்னீங்கல்ல. அதை மட்டும் செஞ்சுறாதீங்க. நாலு ரெட்டைப்படை. வேற ஒண்ணுமில்ல. நான் காரியாபட்டியில எறங்கிருவேன், அதுக்குள்ள சொல்லி முடிச்சிருதேன்.

நான் யாருன்னு சொல்லலையே. அருப்புக்கோட்டையில சீனியப்பன் சவுண்ட் சர்வீஸ்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. மைக் செட்டு, சீரியல் லைட்டு, ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடுறோம். முப்பது வருசமா கரண்டோடதான் குடித்தனம். அதனால வாட்ஸு பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. இதை எதுக்குச் சொல்றேன்னா, அந்தச் சார்ஜரை நான் போனோம் வந்தோம்னு வாங்கல. மூணு மாசம் பாத்தேன். என் கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்தது கூட ஒரே ஒரு சாயங்காலம்தான்.

முதல்ல மிக்சி கதையைச் சொல்லணும். அப்பத்தான் இது வெளங்கும்.

எனக்கு ஒரே தங்கச்சி. வீரலட்சுமின்னு பேரு. காரியாபட்டியில குடுத்திருக்கோம். மாப்பிள்ளை ஞானகுரு, உரக்கடை வச்சிருக்காரு. ஆறு வருசத்துக்கு முந்தி அவங்க மகளுக்குக் காது குத்துனாங்க. தாய்மாமன் நான், சும்மா போவேனா? பதினோரு தட்டுச் சீரு, அதுக்கு மேல ஒரு மிக்சி. மாப்பிள்ளையோட அம்மா சபையில வச்சே சொன்னாங்க, ‘ஓடுதான்னு போட்டுக் காட்டுங்க, பாப்போம்.’ போட்டேன். ஒரு உறுமு உறுமுச்சு. பொகை வந்துச்சு. அம்புட்டுத்தான்.

செஞ்சவன் ஏமாத்திட்டான் அண்ணாச்சி. அன்னைக்கு மண்டபத்துல கரண்டு இல்ல, நம்ம ஜெனரேட்டர்லதான் குடுத்தேன். அதுல ஓல்டேஜ் கொஞ்சம் தூக்கலா வரும், அது ஒரு குத்தமா? நம்ம ஆம்ப்ளிஃபயர் தாங்குது, குழாய் ஸ்பீக்கர் தாங்குது, ஒரு மிக்சி தாங்க வேண்டாமா?

அன்னையிலிருந்து அந்த வீட்டுல எது கெட்டுப் போனாலும் அதுக்கு ‘மச்சான் மிக்சி’ன்னு பேராயிருச்சு. மோட்டார் ஓடலையா, மச்சான் மிக்சி ஆயிருச்சு. வண்டி ஸ்டார்ட் ஆகலையா, மச்சான் மிக்சி. மாப்பிள்ளையோட அப்பாவுக்கு முட்டி வலி வந்தப்ப, ‘என் காலு மச்சான் மிக்சியாப் போச்சுடா’ன்னு டாக்டர்கிட்டயே சொன்னாராம். டாக்டரு என்ன வியாதின்னு புரியாம எக்ஸ்ரே எழுதிக் குடுத்திருக்காரு.

சிரிங்க, பரவால்ல. எல்லாரும் சிரிச்சதுதான். ஆனா அதைக் காதுல வாங்கிக்கிட்டே அந்த வீட்டுல சோறாக்குறவ என் தங்கச்சி. எனக்கு அதுதான் தாங்கல. அங்க போறதையே விட்டுட்டேன். சாவு எதுவும் விழுந்தாப் போவேன், பந்தலோட திரும்பிருவேன். ஆறு வருசமா அந்த வீட்டு வாசப்படி ஏறல.

இந்தச் சித்திரையில அவளே போன் பண்ணா. ‘அண்ணே, புது வீடு கட்டி முடிச்சாச்சு. ஆவணியில பால் காய்ச்சுறோம். பொறந்த வீட்டுச் சீரு நீதான் கொண்டாரணும்’னா. என்னத்தா வேணும் உனக்கு, தங்கத்துல செய்யவா, வெள்ளியில செய்யவான்னேன். ‘ஒண்ணும் வேணாம்ணே. வேலை செய்யுற பொருளா ஒண்ணு கொண்டா. அத்தனை பேரும் பாக்க அது வேலை செய்யணும். எனக்கு அது போதும்’னா. அழுகல. சாதாரணமாத்தான் சொன்னா. நான்தான் போனை வச்சுட்டு மைக் செட்டுப் பொட்டி மேல உக்காந்து அழுதேன்.

அப்புறம் கேட்டப்பச் சொன்னா, சார்ஜர் வேணும்னு. பல ஓட்டை வச்ச சார்ஜர், மேசையில வைக்கிறாப்ல. அது எதுக்குங்கிறீங்க? அங்கதான் மாப்பிள்ளையோட கிறுக்கு வருது.

அவருக்கு வாஸ்துன்னா உசுரு. வீடு கட்டுறதுக்குன்னே ஒரு நிபுணரைக் கூட்டியாந்து பக்கத்துல வச்சிருந்தாரு. அந்த ஆளு என்ன சொல்லிட்டாரு, கரண்டுங்கிறது நெருப்பு. நெருப்புக்கு உரிய இடம் அக்னி மூலை, தென்கிழக்கு. லைட்டு, ஃபேன் மேல இருக்கு, அது ஆகாயத்தோட சேர்த்தி, தொந்தரவில்ல. கை எட்டுற உசரத்துல பிளக் பாயிண்ட் இருந்துச்சுன்னா அது அடுப்புக்குச் சமம். வேற மூலையில வச்சா குடும்பம் வெந்துரும். அவ்வளவுதான். அம்மாம் பெரிய வீட்டுல, ஹாலு, நாலு ரூமு, மாடி, எங்கயும் பிளக் பாயிண்ட் கெடையாது. சமையக்கட்டுத் தென்கிழக்கு மூலையில மட்டும் மூணு. ஃபிரிட்ஜுக்கு ஒண்ணு, மிக்சிக்கு ஒண்ணு, மிச்ச குடும்பத்துக்கு ஒண்ணு.

படிச்ச மனுசன் அண்ணாச்சி. இந்தக் காலத்துல இப்படி ஒரு மூடநம்பிக்கையா? எனக்கு இந்த மாதிரி எதுலயும் நம்பிக்கை கெடையாது. சீருன்னா ஒத்தைப்படையில இருக்கணும், கருப்பு ஆகாது, எட்டு ஆகவே ஆகாது. அது நம்பிக்கை இல்ல, நடைமுறை.

ஒரு நாள் போன்ல உக்காந்து தங்கச்சிகிட்டக் கணக்கெடுத்தேன். மாப்பிள்ளைக்கு ரெண்டு போனு. ஒண்ணு பெரிசு, இன்னொண்ணு உரக்கடைக்குன்னு ஒரு பட்டன் போனு. தங்கச்சிக்கு ஒண்ணு. மாமியாருக்கு ஒண்ணு. மருமகன் ஹரீஷு இன்ஜினியரிங் படிக்கான், அவனுக்கு லேப்டாப்பு. மருமக யாழினிக்கு டேப்பு. மாமனாருக்குக் காதுல வைக்கிற மெசினு, இப்ப அதுவும் சார்ஜ்லதான் ஓடுது. ஆக ஏழு. ஏழு ஒத்தைப்படை. ஆண்டவனாப் பாத்துக் குடுத்த எண்ணிக்கை. எனக்கு ஒரே சந்தோசம்.

மதுரை டவுன் ஹால் ரோட்டுல ஒரு கடைக்குப் போனேன். கவுண்டர்ல தெரசான்னு ஒரு பொண்ணு. பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை. ‘எத்தனை வாட்ஸ் சார் வேணும்?’னுச்சு. இருக்கிறதுலயே பெருசு எதும்மான்னேன். ‘இருநூறு வாட்ஸ் சார்.’ நான் சிரிச்சுட்டேன். இருநூறு வாட்ஸுல எங்க ஊர்ல பேரு வைக்கிற வீட்டுக்குக் கூடப் பாட்டு கேக்காதும்மா, ஒரு அஞ்சாயிரம் வாட்ஸுல எடுன்னேன். அது என்னையப் பாத்துச்சு. உள்ள போயி மேனேஜரைக் கூட்டியாந்துச்சு. மேனேஜரும் என்னையப் பாத்தாரு. ‘சார், அஞ்சாயிரம் வாட்ஸுன்னா அது சார்ஜர் இல்ல, வெல்டிங் மெசினு’ன்னாரு. சரி, இவங்க தொழில் சின்னது, விட்டுக் குடுத்தேன்.

அடுத்த சிக்கல் பாருங்க. அந்த இருநூறையும் எல்லா ஓட்டையும் பங்கு போட்டுக்குமாம். ஒரு போனு மட்டும் போட்டா அதுக்கு நெறையப் போகும். ரெண்டாவது ஆளு வந்து சொருகுனா முதல் ஆளுக்குக் கொறையும். தெரசா இதை ஏதோ பெரிய வசதி மாதிரிச் சொல்லுச்சு. எனக்கு அது வெவகாரமாப் பட்டுச்சு. யோசிச்சுப் பாருங்க, மாப்பிள்ளை போனு ஜோரா ஏறிக்கிட்டு இருக்கு. அவங்க அம்மா வந்து சொருகுறாங்க. இவருக்குக் கொறையுது. அப்புறம் என்ன சொல்லுவாரு? ‘மச்சான் குடுத்த சாமானால எங்க அம்மாவுக்கும் எனக்கும் ஆகாமப் போச்சு’ம்பாரு. சொத்துல பாகம் பிரிக்கிற மாதிரியில்ல இருக்கு.

அதுலயும் ஓட்டைக்கு ஓட்டை ஏத்த எறக்கம். ஒரே ஒரு ஓட்டைதான் பெரிய ஓட்டை, அதுலதான் வேகமா ஏறும். அது யாருக்கு? குடும்பத் தலைவருக்கு. அப்படின்னா மாப்பிள்ளைக்கு. அவருக்கு ரெண்டு போனு, அதுல தொழில் போனு எது? பட்டன் போனு. அதனால பெரிய ஓட்டை பட்டன் போனுக்குன்னு எழுதிக்கிட்டேன். லேப்டாப்புக்குக் கடைசி ஓட்டை. தெரசா பதறிப்போச்சு. ‘சார், பட்டன் போனுக்கு எதுல போட்டாலும் ஒண்ணுதான். லேப்டாப்பு அந்தக் கடைசியில ஏறவே ஏறாது.’ ஏறும்மா, மெதுவா ஏறும், சின்னப் பய, காத்துக் கெடக்கட்டும்னேன். வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல. கோயில்ல பரிவட்டம் கட்டுறப்ப யாருக்கு ரொம்பத் தேவைன்னு பாத்தா கட்டுறாங்க?

இப்படியே வைகாசி போச்சு, ஆனி போச்சு. பதினோரு தடவை போயிருக்கேன். நாலு ஓட்டை இருக்கு, ஆறு ஓட்டை இருக்கு, எட்டு ஓட்டை இருக்கு. எல்லாம் ரெட்டைப்படை. ஏழு ஓட்டையில ஒண்ணு வந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு, கன்னங்கரேல்னு கருப்பு. சீர்த்தட்டுல கருப்பு வைப்பாங்களா? அஞ்சு ஓட்டை ஒண்ணும் ரெண்டு ஓட்டை ஒண்ணும் வாங்குனா ஏழு வந்துரும்னு தெரசா சொல்லுச்சு. பொறந்த வீட்டுச் சீரை ரெண்டு துண்டாக் குடுத்தா குடும்பம் ரெண்டாப் போகும்னேன். அது அப்படியே கவுண்டர்ல தலைய சாச்சுக்கிருச்சு. என் கவலை அதுக்கும் ஒட்டிக்கிருச்சு, பாவம்.

கடைசியில ஆடி பதினெட்டு அன்னைக்கு ஒரு சாமான் எடுத்துக் காட்டுச்சு. வெள்ளை வெளேர்னு, முட்டைக்கோசு நிறத்துல ஓரம். நீல லைட்டு எரியுது. எட்டு ஓட்டை. மனசுக்கு அம்புட்டுப் புடிச்சிருந்துச்சு, அந்த எட்டு மட்டும்தான் உறுத்தல். ‘சார், ஒரு ஓட்டையச் சும்மா விட்டுருங்களேன், யாரு எண்ணப் போறா?’ன்னுச்சு. எங்க மாப்பிள்ளையோட அம்மாவை உனக்குத் தெரியாதும்மா, காதுகுத்துல நான் கொண்டு போன லட்டை ஒண்ணு ஒண்ணா எண்ணுனவங்கன்னேன். ‘அப்ப ரப்பர் மூடி தாரேன், அடைச்சிருங்க.’ சீருல ரப்பரா?

பஸ்ஸுல திரும்பி வரையில திருப்பரங்குன்றம் கோபுரத்தை நெனச்சுக் கும்பிட்டேன். அப்பத்தான் பளிச்சுன்னு தோணுச்சு. சந்தனம். சீர்த்தட்டுல எந்தப் பொருளுக்கும் சந்தனப் பொட்டு வைக்கிறதுதானே. அதை அந்த எட்டாவது ஓட்டையில வச்சு அடைச்சுட்டா? பாக்குறவங்களுக்குப் பொட்டு. எண்ணுறவங்களுக்கு ஏழு. மறுநாள் போயி வாங்கிட்டேன். கடையில இருந்த ஏழு பேரு போனையும் கேட்டு வாங்கி ஒரே நேரத்துல சொருகிப் பாத்தேன். ஏழும் ஏறுச்சு. தெரசா கையெடுத்துக் கும்பிட்டு வழியனுப்பி வச்சுச்சு.

வீட்டுல நல்ல சந்தனமா இழைச்சு, ஈக்குச்சியால உள்ள உள்ள திணிச்சு, ரெண்டு நாள் வெயில்ல காய வச்சேன். கல்லு மாதிரி எறுகிருச்சு. மேல ஒரு குங்குமம். என் வீட்டுக்காரி சுப்புத்தாயி பாத்துட்டு, ‘என்னங்க, கரண்டு போற ஓட்டைக்குள்ள போயி’ன்னு இழுத்தா. உனக்கு என்ன தெரியும் கரண்டைப் பத்தின்னு அடக்கிட்டேன்.

இப்பத்தான் முக்கியமான எடம். தங்கச்சி என்ன சொன்னா? அத்தனை பேரும் பாக்க வேலை செய்யணும்னாள்ல. வீட்டுக்குள்ள வந்து போட்டுக் காட்டுனா நாலு பேருதான் பாப்பாங்க. அதனால ஒரு முடிவு எடுத்தேன். சார்ஜரு வேலை செஞ்சுக்கிட்டே தெருவுல வரணும்.

பால் காய்ச்சுற அன்னைக்குக் காலையில ஆறு மணிக்கே போயிட்டேன். வாசல்ல நின்னுக்கிட்டு ஒரு மஞ்சப்பையில அவங்க வீட்டுச் சாமான் ஏழையும் கேட்டேன். மாப்பிள்ளை முறைச்சாரு. ‘எதுக்கு மச்சான்? இன்னைக்கு நூறு போன் வரும்’னாரு. தங்கச்சி வந்து முதல் ஆளாத் தன் போனைப் பையில போட்டா. ‘குடுங்க, அண்ணன் கேக்குதுல்ல’ன்னா. ஒவ்வொண்ணா வந்துச்சு. மாமனாரு மட்டும் மெசினைக் கழத்திக் குடுத்துட்டு ‘என்னது? என்னது?’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அன்னைக்குப் பூராவும் அதுதான் கேட்டாரு.

தெருமுனையில இருந்து சீரு பொறப்பட்டுச்சு. இருபத்தியோரு தட்டு. முன்னாடி மேளம். முதல் தட்டு சுப்புத்தாயி கையில. அதுல பட்டு விரிச்சு, நடுவுல சார்ஜர், சுத்தி ஏழு சாமானும் ஒயரோட, பூக்கோலம் மாதிரி. பின்னாலயே குட்டியானை வண்டியில நம்ம ஜெனரேட்டர். அதுல இருந்து முப்பது அடி ஒயரு வந்து தட்டுல சேருது. நீல லைட்டு எரியுது, ஏழுலயும் ஏறுது. ஊரே வாயப் பொளந்து பாத்துச்சு அண்ணாச்சி. ஜெனரேட்டர் சத்தத்துல மேளம் கேக்கல, அது ஒண்ணுதான் கொறை.

பாதி வழியில சாக்கடை வாறுகாலுக்கு மேல பாலம் கட்டுறோம்னு தோண்டிப் போட்டிருந்தாங்க. வண்டி நின்னுபோச்சு. சுப்புத்தாயி தெரியாம நடந்துட்டா, ஒயரு வெறச்சு அவளைப் பின்னால இழுக்குது. அவ அங்கயும் போக முடியாம இங்கயும் வர முடியாம தட்டோட நிக்கா. அந்த நேரம் பாத்து தட்டுல இருக்கிற போனெல்லாம் அடிக்க ஆரம்பிச்சிருச்சு. முதல்ல மாப்பிள்ளை போனு, அப்புறம் பட்டன் போனு, அப்புறம் தங்கச்சி போனு. பூசைக்கு வர வேண்டிய ஐயருதான் கூப்பிடுறாரு. புதுசா மனை போட்ட எடத்துல வழி தெரியாம வேற யாரோ வீட்டுல போயி உக்காந்துட்டாராம். சுப்புத்தாயி, ‘எடுத்துப் பேசுங்க’ங்கிறா. எப்படிப் பேச முடியும்? சீர்த்தட்டுல வச்ச பொருளைப் பாதி வழியில எடுக்கலாமா? நல்ல நேரம் ஒன்பது மணியோட முடியுது. நாலு பேரைப் புடிச்சு ஜெனரேட்டரைக் கையால தூக்கியே கொண்டாந்தோம். ஐயரும் எங்க ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்டு அவராவே வந்து சேந்துட்டாரு. போனு எதுக்கு, சொல்லுங்க.

ஒன்பதுக்குப் பத்து நிமிசம் இருக்கையில தங்கச்சி வீட்டு வாசப்படி ஏறுனேன். ஆறு வருசம் கழிச்சு. வலது காலை முதல்ல வச்சேன்.

சமையக்கட்டுல தென்கிழக்கு மூலையில மேசை போட்டு வச்சிருந்தாங்க. சார்ஜரை அதுல வச்சு சுவத்துல சொருகுனேன். நீல லைட்டு எரிஞ்சுச்சு. மாமியாரு குனிஞ்சு ஓட்டைய எண்ணுனாங்க. நான் சொன்னேன்ல. ‘ஏழு’ன்னாங்க, தலைய ஆட்டுனாங்க. வாஸ்து நிபுணர் கூட நல்ல திசையப் பாத்திருக்குன்னாரு. மாப்பிள்ளையோட சொந்தக்காரங்க அம்பது பேரு கதவு வழியா, சன்னல் வழியா எட்டிப் பாக்குறாங்க. என் தங்கச்சி அந்தக் கூட்டத்துல நிமிந்து நின்னா. அவளை அப்படி நான் பாத்து வருசமாச்சு.

அதோட விட்டிருக்கலாம்னு நீங்க நெனப்பீங்க. எப்படி விட முடியும்? சீரு வந்து எறங்குனா பன்னீர் தெளிக்கணும். செம்பை எடுத்து நானே தெளிச்சேன். தாராளமாவே தெளிச்சேன்.

டப்புன்னு ஒரு சின்னச் சத்தம். சந்தன வாசம் கமகமன்னு வந்துச்சு. நீல லைட்டு அணைஞ்சுபோச்சு.

எனக்கு உசுரே போயிருச்சு அண்ணாச்சி. அம்பது பேரும் அந்த அணைஞ்ச லைட்டையே பாக்குறாங்க. மாமனாரு மட்டும் ‘என்னது?’ங்கிறாரு. யாரோ பின்னால ‘மச்சான்’னு ஆரம்பிச்சாங்க, அடுத்த வார்த்தை என்னன்னு அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு அப்படியே அந்த அக்னி மூலையில எரிஞ்சு போயிரலாம் போல இருந்துச்சு.

அப்பத்தான் என் தங்கச்சி விறுவிறுன்னு வந்து மேசைக்கு முன்னால குனிஞ்சா. முதுகை எல்லாருக்கும் காட்டிக்கிட்டு ஒவ்வொரு போனா எடுத்துப் பாத்தா. திரும்பி, ‘ஏறுதுண்ணே’ன்னா. ‘ஏழுலயும் ஏறுது.’

மாப்பிள்ளை பக்கத்துல வந்தாரு. அவரும் குனிஞ்சு பாத்தாரு. பட்டன் போனை எடுத்துப் பாத்தாரு, வச்சாரு. அப்புறம் என் தங்கச்சி மூஞ்சியப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. நிமிந்து சபையப் பாத்துச் சொன்னாரு. ‘ஏறுது. எங்க மச்சான் கொண்டாந்தது ஏறாம என்ன?’

ஹரீஷு, ‘இல்லப்பா, லைட்டு அணைஞ்சு’ன்னு என்னமோ சொல்ல வந்தான். ‘டேய், போய் பந்திக்கு எலையப் போடு’ன்னு அவனை வெரட்டி விட்டாரு. சின்னப் பயலுக்கு என்ன தெரியும். அந்த லைட்டு கண்ணை உறுத்தும்னு கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சுக்கிருமாம். அப்புறமா யாழினிதான் எனக்கு வெளக்கிச் சொல்லுச்சு, ‘கரண்ட மிச்சம் பண்ற டிசைன் மாமா’ன்னு. மூணு மாசம் பாத்து வாங்குனேன், எனக்கே அது தெரியாமப் போச்சு பாருங்க. தெரசாவும் சொல்லல.

என்னைய முதல் பந்தியில மாப்பிள்ளை பக்கத்துல உக்கார வச்சாங்க. அவரே பாயாசம் ஊத்துனாரு. சாப்பிட முடியல. கண்ணுல தண்ணி கொட்டுது, பாயாசத்துல விழுகுது. ஒரு பய மச்சான் மிக்சின்னு சொல்லல. அன்னைக்கு மட்டும் இல்ல, அதுக்கப்புறம் அந்த வார்த்தையே அந்த வீட்டுல கேக்கல.

சார்ஜரைப் பத்திச் சொல்லணும்னா, அது மாதிரி ஒரு சாமான் கெடைக்காது. போறப்பல்லாம் முதல் வேலையா அதைத் தொட்டுப் பாப்பேன். மத்த சார்ஜரெல்லாம் கொஞ்ச நேரத்துல கொதிக்கும், உங்களுக்கே தெரியும். இது சில்லுனு இருக்கு. ஏழு சாமானும் சொருகியிருக்கும், ஒரு பொட்டுச் சூடு கெடையாது. நான் உள்ள நுழையையில எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் இருந்து ஓடியாந்து அவங்கவங்க போனைக் கொண்டாந்து சொருகுவாங்க, வரிசைப்படி. பெரிய ஓட்டையில பட்டன் போனு. அந்த ஒழுங்கைப் பாக்குறதுக்கே மனசு நெறஞ்சு போகும்.

ஆனா மாப்பிள்ளையத்தான் என்னன்னு சொல்ல. அந்த வாஸ்து வாஸ்துன்னு குதிச்ச மனுசன், இப்பப் புதுச் சுவத்தை ஒடச்சு வடகிழக்கு மூலையில ஒரு பிளக் பாயிண்ட் வச்சிருக்காரு. ஈசானிய மூலை அண்ணாச்சி, சாமி மூலை. அந்த நிபுணர் சண்டை போட்டுட்டு போயிட்டாராம், இனி இந்த வீட்டுக்கு நான் பொறுப்பில்லன்னு. ஏன் மாப்ளே இப்படி, அக்னி மூலையிலதான் நம்ம சார்ஜரு இருக்கே, எதுக்கு இதுன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு, ‘இஸ்திரிப் பொட்டிக்கு மச்சான்’னாரு. துணி தேய்க்கிறதுக்காகக் கொண்ட கொள்கைய விடுவாங்களா யாரும்? ஒரு பிடிப்பு வேணாம்? அவரு அவ்வளவுதான்.

இந்தா, காரியாபட்டி வந்துருச்சு. அந்தப் பையை எடுத்துக் குடுங்க. அதிரசம், தங்கச்சிக்குப் புடிக்கும்.

ஒரு கொறை இருக்கு, சொல்லிட்டே போறேன். என் தங்கச்சி மட்டும் தன் போனை அந்தச் சார்ஜரை விட்டு எடுக்குறதே இல்ல. ராவும் பகலும் அதுலதான் கெடக்கு. ஆனா நான் எப்பப் போன் போட்டாலும் சுவிட்ச் ஆஃப்னு வருது. அந்த ஏரியாவுல டவர் சரியில்ல போல. வேற எதுலயாவது போட்டுப் பாரேன்னு அவகிட்டயே சொன்னேன். ‘அது கெடக்குதுண்ணே, நீ வந்துட்டுப் போ’ங்கிறா. அதான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நேர்லயே கெளம்பிருதேன். போயி மேசைகிட்ட உக்காந்தா அவளும் பக்கத்துல வந்து உக்காந்துக்கிருவா, பொழுது போறதே தெரியாது. அவ மட்டும் போனை எடுத்திருந்தா, நல்லாருக்கியாத்தான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வச்சிருப்பேன் அண்ணாச்சி.